குழம்பு அண்ணாச்சி

அந்தமானில் தூண்டில் படகு ஏறியவர்களுக்குக் குழம்பு அண்ணாச்சியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆள் மாறலாம், ஊர் மாறலாம். இடுப்பில் சொருகிய அந்தத் துணிப்பை மாறாது. மீனைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிற பயணம் இது என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். அண்ணாச்சியும் தலையாட்டினார். யாரோ வெள்ளைக்காரனுக்கு வைத்த விதி என்று நினைத்திருப்பார்.

போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அண்ணாச்சிக்கு அது இன்னும் போர்ட் பிளேர்தான். படகு கரையை விடுவதற்குள் கணக்கு ஆரம்பித்துவிடும். நபருக்கு இவ்வளவு பணம். அந்தப் பணத்துக்குத் தூத்துக்குடியில் எத்தனை கிலோ சீலா வரும்? வகுத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

பவளப்பாறை விளிம்பில் பாப்பரை வீசுவார்கள். வாய் குழிந்த மிதக்கும் கட்டை அது. வெட்டி வெட்டி இழுத்தால் மேல்தண்ணீர் ‘பளக் பளக்’கென்று தெறிக்கும். ஏதோ சின்ன மீன் தவிக்கிறது என்று நம்பிப் பெரும்பாறை மீன் கீழிருந்து பாயும். ரீல் அலறும், பிடித்தவன் இடுப்பு ஒடியும், படகே கூச்சல் போடும். அண்ணாச்சி மட்டும் அமைதியாக மீனைப் பார்ப்பார். “தலை மட்டும் ரெண்டு வேளைக்கு வரும்டே.”

ஊளி வந்தால் கருவாடு. கலவா வந்தால் குழம்பு. சுறா தூரத்தில் தெரிந்தாலே புட்டு. ஒரு மீனாவது அதன் பெயரோடு படகுக்கு வந்ததில்லை; பதார்த்தமாகத்தான் வரும்.

பெரும்பாறை இனத்தில் தூண்டிலுக்குச் சிக்கிய உலக சாதனை மீன் 72.8 கிலோ, 2006-ல் ஜப்பானில் பிடித்தது என்று வழிகாட்டித் தம்பி பெருமையாகச் சொன்னான். அவனும் தமிழ்ப் பையன்தான். அண்ணாச்சி கேட்டார்: “அதையாவது வெட்டுனானுவளா?”

தம்பி சளைக்கவில்லை. பவளப்பாறையில் ஒட்டி வளரும் நுண்பாசியிலிருந்து ஒரு நஞ்சு சின்ன மீனுக்கும், அதைத் தின்கிற பெரிய மீனுக்கும் ஏறிக்கொண்டே போகும். பாறைப் பக்கம் வேட்டையாடுகிற பெரிய மீன்களில் அது சேர்ந்திருக்கலாம். சிகுவாட்டெரா என்று பெயர். ருசியில் தெரியாது, வாசனையில் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. வந்துவிட்டால் வாந்தி, பேதி; சில்லென்றதைத் தொட்டால்கூடச் சுடுகிற மாதிரி எரியும்.

அண்ணாச்சி முழுக்கக் கேட்டார். “புளியைக் கொஞ்சம் கூடக் கரைச்சு விட்டா?”

சிரிப்பெல்லாம் அதுவரைதான். தம்பி பிடிபட்ட மீனின் வாலையும் அடிவயிற்றையும் தாங்கி, செவுளில் நீரோட்டம் படும்படி தண்ணீருக்குள் பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் மீன் இன்னும் படகுக்குள் கிடக்கிறது. ஏனென்றால் அண்ணாச்சி செவுளைத் திறந்து நிறம் பார்க்கிறார். கன்னத்தை அழுத்துகிறார். “இந்தச் சதையைப் பாத்தியளா!” என்று ஒவ்வொருவருக்கும் காட்டுகிறார். போராடிக் களைத்த மீனுக்கு வெளியே கிடக்கும் ஒவ்வொரு நொடியும் மூச்சுமுட்டல். தடுமாறி நீந்துகிற மீனைச் சுறா விட்டுவைக்காது. பிறகு விட்டதற்கு என்ன பொருள்? இந்த மனிதரின் நாக்குக்காக நான் பங்குப்பணம் கட்டவில்லை. இதைப் படகிலேயே சொல்லியிருப்பேன். அவர் வயது அறுபதுக்கு மேல்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கையுறையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்த மற்றவர்களுக்கு ‘ஜீட்டி’ (GT) என்ற இரண்டெழுத்துக்கு மேல் பெரும்பாறையைப் பற்றி எதுவும் தெரியாது. மாலையில் சந்தையில் அண்ணாச்சி கூடைக்கூடையாகக் குனிந்து, “இது நேத்துப் பிடிச்சது, அது ஐஸ்ல கெடந்தது” என்று சொல்லிக்கொண்டே போனார். மீன்காரம்மா மறுக்கவில்லை, விலையைத்தான் இறக்கினாள். அளவான ஒரு வஞ்சிரத்தை வாங்கி, மெஸ் சமையற்காரரை ஓரமாக நிறுத்தி, அவரே குழம்பு வைத்தார். நான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, அது வேறு விஷயம்.

அடுத்த பயணத்துக்குப் பணம் கேட்டு எல்லோருக்கும் தகவல் அனுப்பினேன். அண்ணாச்சியிடமிருந்துதான் முதல் பதில்: “படகுல அடுப்பு உண்டா?”