ஐம்பதன் ஐயவியல்

மாணாக்க, நூல் கேட்க வந்தமர்ந்தாய், நன்று. கையிலுள்ள கன்னெய் (பெட்ரோல்) நாறும் துணியை வெளியே வைத்துவிட்டு வா.

இந்நூல் நுதலிய பொருள் ஒன்றே. மூத்துத் தளர்ந்த ஐம்பதனைச் செப்பனிடுவதா, தள்ளிவிட்டுப் புதியது கொள்வதா என்னும் இருதலை ஐயம் அது. ஐம்பதன் என்பது 1980-இல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50-உம், அதன் வழித்தோன்றல்களாகிய எக்ஸ்எல் இனமும் ஆகும். 50 கன செ.மீ.க்கு மயிரிழை குறைந்த ஒற்றை உருளை, இருவீச்சுப் பொறி, கன்னெயோடு எண்ணெய் கலந்துண்ணும் இயல்பு, மிதித்துக் கிளப்பும் மிதி, இருவர் அமரும் இருக்கை ஆகிய ஐந்தும் மூல ஐம்பதனின் உறுப்பிலக்கணம். இருவர் என்றது நூல்வழக்கு. உலகவழக்கில் இருவரும் ஒரு பால்கேனும் இரண்டு தக்காளிக் கூடையும் என்று கொள்க.

இவ்வையத்தை ஆராய ஓசூர் வட்டாரமே தக்க நிலம். பிற ஊர்களில் உறுப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லி வழக்கை முடித்துவிடலாம். பிறந்த ஊரில் அப்புகலிடம் இல்லை. பாகலூர்ச் சாலையில் கிடையாதது தளிச் சாலையில் கிடைக்கும். அங்கும் கிடையாதது பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். ஆகவே இங்கு ஐயம் முதிர்ந்தே தீரும்.

1. ஐயத்தின் வாயில்

ஒலியும் புகையும் கிளம்பா மையும்
வழியிடை நிற்றலும் எனவிந் நான்கும்
ஐயம் புகூஉம் வாயில் ஆகும்.

ஒலி பொருட்டன்று, ஐம்பதன் பிறந்த நாள்முதல் ஒலிப்பது. புகையும் அவ்வாறே, எண்ணெய் கலந்துண்பது புகையாதிருத்தல் இயல்பன்று. பின்வருவோர் கண் திறக்க முடிந்தால் அது நலப்புகை, முடியாவிடில் ஒலியடக்கியில் கரி அடைத்த மிகைப்புகை. ஒலியடக்கியைக் கழற்றித் தீயிலிட்டுத் தட்டினால் தீரும்.

வழியிடை நிற்றலையும் தன்னுள் அடக்கிய கிளம்பாமை அவ்வாறு எளிதில் கடக்கத் தக்கதன்று. அது நால்வகை.

1.1 ஈரக் கிளம்பாமை. ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி விடியலில் பொறி குளிர்ந்திருக்கும் ஆகலின் காற்றைக் குறைத்துக் கன்னெயைக் கூட்ட மூச்சடைப்பானை மூடுவர். மூடியதை மறந்து மேலும் மேலும் மிதிப்பர். ‘ஸ்பார்க் பிளக்’ எனப்படும் தீச்செருகி நனையும். நனைந்தபின் மிதிப்பது உடற்பயிற்சி மட்டுமே. இந்நிலையில் ‘தள்ளிவிடுவோம்’ என்று எடுத்த முடிவு செல்லாது. மார்கழியில் வெயில் ஏறிய பின்னரே ஐயப்படுக.

1.2 உலர் கிளம்பாமை. ‘கார்புரேட்டர்’ எனப்படும் கலப்பியின் ஊசித்துளையில் தூசி அடைத்தல். வாயால் ஊதுக.

1.3 பாலக் கிளம்பாமை. தீச்செருகியின் இரு முனைகளுக்கிடையே கரி படிந்து பாலமிடும். மின்பொறி தாவிக் கடக்க வேண்டிய இடைவெளியை நடந்தே கடந்துவிடுகிறது. தாவாத பொறி கன்னெயைக் கொளுத்தாது. கழற்றி உப்புத்தாளால் தேய்க்க.

1.4 பொய்க் கிளம்பாமை. கன்னெய்த் திறவையைத் திறவாமலே மிதித்தல். இது நோயன்று என்று ஒருசாரார் தள்ளுவர். அது பொருந்தாது. இதன்பொருட்டு விற்கப்பட்ட ஐம்பதன்கள் உள. விற்பனை வரை கொண்டு சென்றது நோயே. உரிமையாளரை இன்னும் இருமுறை மிதிக்கவிட்டு, அவர் வியர்வை துடைக்கும் நேரத்தில் ஓசையின்றித் திறவையைத் திருப்பும் செப்பனாளரே நல்லர் என்க.

2. செப்பத்தின் வகை

தட்டற்செப்பம், கட்டற்செப்பம், இரவற்செப்பம், அகழ்செப்பம் என நான்கு. தட்டல் யாவரும் அறிந்தது. இரவல் என்பது பக்கத்து வீட்டு ஐம்பதனிலிருந்து கழற்றிப் பூட்டல். அதன் இலக்கணம் அண்டைவீட்டார் உறவியலில் அடங்கும், இங்கு வேண்டா.

கட்டல் மூவகைப்படும். மிதிவண்டி உள்குழாய்ப் பட்டையால் கட்டுவது மென்கட்டு. கம்பியால் கட்டுவது வன்கட்டு. கட்டியதன்மேல் துண்டைப் போர்த்துவது மறைகட்டு. இது பெண்பார்க்கச் செல்லும் நாளுக்கு உரியது. கட்டுகளின் எண்ணிக்கை திருகாணிகளின் எண்ணிக்கையை விஞ்சும் நிலைக்குக் கட்டுமிகை என்று பெயர்.

அகழ்செப்பம் தலையாயது. ‘ரீபோர்’ என்பது தொழிலோர் சொல். தேய்ந்த உருளையைக் கால் மில்லிமீட்டர் அகழ்ந்து, அவ்வளவே பருத்த ஆடுதண்டை உள்ளே இடுவர். மறுமுறை தேய்ந்தால் இன்னொரு கால். இவ்வாறு முழு ஒரு மில்லிமீட்டரை எட்டிய பின் அகழ இடமில்லை. எனவே ஓர் ஐம்பதனுக்கு மறுபிறவி நான்கே. அதற்குமேல் உட்குழல் செருகுவோர் உளர்; அது பிறவி அன்று, கூடுவிட்டுக் கூடு பாய்தல். எத்தனையாம் பிறவி என்று உரிமையாளரைக் கேட்டால், “ஒரே ஒரு ரீபோர்தான் சார், அதுவும் சும்மா” என்பார். செப்பனாளரைக் கேட்டால், “மூணு இருக்கும்ணா, ஹெட்ட கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்” என்பார். உருளையை அளக்க. மூவருள் பொய்யாதது அதுவே.

இனி ஒரு மறுப்பு. மேலைநாட்டார் தம் புல்வெட்டும் ஊர்திக்கு ஒரு நெறி கூறுவர்: செப்பனிடும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டின் மாற்றுக என்பது. அரைவிலை நெறி எனப்படும் இது ஐம்பதனுக்கு ஏலாது. செலவு ஒருங்கே வந்தாலன்றோ பாதியைத் தாண்டும்? ஐம்பதனின் செலவு இன்று ஒரு தீச்செருகி, அடுத்த திங்கள் ஒரு தடைக்கம்பி, பொங்கலுக்குமுன் ஒரு சங்கிலி எனச் சில்லறையாகவே வரும். அதனைக் கூட்டிப் பார்ப்பது இவ்வட்டாரத்து மரபன்று. கூட்டிப் பார்த்த ஒருவர் நெடுநேரம் வாய்திறவாது அமர்ந்திருந்தார் என்ப.

3. சான்று காணல்

ஓசூரிலிருந்து சூளகிரி வழியே கிருட்டிணகிரிக்கு நெடுஞ்சாலை இறங்கும். இறங்குவழியில் ஓட்டிக் காட்டுவது இறக்கச்சான்று. ஏறுவழியில் ஓட்டிக் காட்டுவது ஏற்றச்சான்று. இறக்கச்சான்றைக் கொள்ளற்க. இறக்கத்தில் பொறி இல்லாத ஐம்பதனும் ஓடும். ஓசூரில் விற்போன், “சும்மா சூளகிரி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாங்க” என்று ஊக்குவான். திரும்புவழியைப் பற்றி வாய்திறவான். கிருட்டிணகிரியில் விற்போனோ வாங்குவோனைப் பின்னிருக்கையில் ஏற்ற உடன்படான். இருவருக்கும் நிலவியல் தெரியும்.

4. மாற்றத்தின் வகை

விடுமாற்றம், விடாமாற்றம் என இரண்டு. பழையதைக் கொடுத்துப் புதியது கொள்வது விடுமாற்றம். அருகிய வழக்கு ஆகலின் விரித்துரையேம்.

விடாமாற்றமாவது புதியது கொண்டபின்னும் பழையதை விடாமை. இதில் ஐம்பதன் படிப்படியே இறங்கும். முதற்கண் வீட்டூர்தி, தளர்ந்தபின் தோட்டத்தூர்தி, புல்லுக்கட்டும் உரமூட்டையும் சுமப்பது, இன்னும் தளர்ந்தபின் கிணற்றூர்தி, அதாவது கிணற்றுமேட்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுவது. முடிவில் கொட்டகையில் சாய்ந்து கோழியூர்தி ஆகும். கோழி அடைகாக்கத் தொடங்கியபின் விற்றல் முறையன்று. குஞ்சு பொரித்தபின் விற்கலாமோ எனின், அதற்குள் அடுத்த கோழி ஏறிவிடும்.

கொள்ளத்தக்க புதியன எவை? 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 நால்வீச்சுப் பொறியுடையது. கன்னெயில் எண்ணெய் கலக்க வேண்டா. இருவீச்சில் பழகிய முதியோர் சிலர் கைப்பழக்கத்தால் கலந்துவிட்டுப் பின் வருந்துவர். 2021 முதல் ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்னூர்தி செய்கின்றன. மின்னூர்திக்கு ஒலியும் புகையும் இன்மையின் வாயில் நான்கனுள் இரண்டு பிறப்பிலேயே அடைபட்டன. அங்கு ஐயம் எவ்வழிப் புகும் என்பதற்குத் தனிநூல் வேண்டும்.

5. முடிவினர்

உரிமையாளர் முடிவினர் அல்லர். இதனை முதலில் மனங்கொள்க.

அரசு முதலாம் முடிவினர். பதிவு 15 ஆண்டு செல்லும். பின்னர் ஊர்தியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். இருவுருளி ஊர்திக்கு இந்நீட்டிப்புக் கட்டணம் 300 உருபாவாக இருந்து 2022 ஏப்பிரலில் 1,000 ஆயிற்று. கோழியூர்திக்கு இது பொருந்தாது.

செப்பனாளர் இரண்டாமவர். எப்போதும் செப்பமே என்பார். ஆயினும் ஒரே ஐம்பதன் தம் கடைமுன் மூன்று கிழமை நின்று இடத்தை அடைத்தால், “புதுசு ஒண்ணு எடுத்துக்கங்கண்ணா” என்று மாறுவார். இதற்கு இடநெருக்கடித் தெளிவு என்று பெயர்.

மூன்றாமவர் இல்லாள். கூறுவது ஒரு வினாவே. “ஏங்க, இன்னிக்கு வண்டியில போறீங்களா, வண்டிய தள்ளிட்டுப் போறீங்களா?” இதனை வினா எனக் கொண்டு விடை கூறப் புகுவோர் இலக்கணம் அறியார். இது வினாவுருவில் அமைந்த தீர்ப்பு. இதற்கு மேல்முறையீடு இல்லை.

பயிற்சி: தளியைச் சேர்ந்த உழவர் ஒருவர் மார்கழி விடியலில் ரோசா மூட்டையோடு ஓசூர்ப் பூச்சந்தைக்குக் கிளம்புகிறார். மிதிக்கிறார், கிளம்பவில்லை. அகழ்வு மூன்று முடிந்தது. கட்டு ஒன்பது, திருகாணி எட்டு. பதிவு முடிய இரண்டு திங்கள். இல்லாள் வாசற்படியில் நிற்கிறார். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. செப்பமா, மாற்றமா? இயல் எண் சுட்டி விடை தருக. விடை எழுதுமுன் திறவையைத் திருப்பிப் பார்த்தாயா என்பதையும் குறிக்க.