துள்ளலியல்: மீன் தொட்டியின் ஆறாம் பக்கம் குறித்த ஓர் ஆராய்ச்சி

மீன் தொட்டிக்குப் பக்கங்கள் ஆறு. ஐந்துக்குக் கண்ணாடி உண்டு. ஆறாவதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. தொட்டி, ஃபில்டர், ஏர் பம்ப், நீலக் கூழாங்கல், வாயைப் பிளந்து பிளந்து குமிழி விடும் பிளாஸ்டிக் முதலை என எல்லாவற்றுக்கும் பேரம் பேசி முடித்த பிறகு, "மூடி தனி ரேட்டுங்க" என்கிறார் கடைக்காரர். சிக்கனம் என்ற குணம் வாங்குபவருக்கு அந்த இடத்தில்தான் பிறக்கிறது. அந்தச் சிக்கனம் தொடங்கி சோஃபாவின் அடிப்பகுதி வரை இவ்வாய்வின் எல்லையாகும்.

இத்துறையில் முன்னோர் கருத்து உண்டோ எனின், உண்டு. மருதநிலத்தைப் பாடிய புலவர்கள் வாளையைத் துள்ளவிடாமல் இருந்ததில்லை. வாளை துள்ளும், கரையோர மரத்தில் மோதும், கனி உதிரும். நாடு செழிப்பாக இருக்கிறது என்று பொருள். அதே துள்ளலை நாம் காலையில் டைல்ஸ் தரையில் காய்ந்து கிடக்கும் மாலி மீனாகக் காண்கிறோம். புலவர்கள் மூடியைப் பற்றிப் பாடாதது குற்றமன்று. வயலுக்கு மூடி போடும் வழக்கம் அன்றும் இல்லை.

அடுத்த சான்று தரங்கம்பாடியில் கிடைக்கிறது. 1791இல் அங்கிருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், குளக்கரைப் பனைமரத்தின் பட்டை வெடிப்பில் ஒரு மீனைக் கண்டார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சேறியது. ஐரோப்பா வியந்தது. உள்ளூர்க்காரர்கள் அதைப் பனையேறிக் கெண்டை என்று அழைத்துவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரமே ஏறும் என்று பெயரெடுத்த இனத்துக்கு ஒன்றரை அடிக் கண்ணாடி எம்மாத்திரம் என்பது ஈண்டு உய்த்துணரத்தக்கது.

நவீன ஆய்வோ ஒரு கோப்பை டீயில் தொடங்கிற்று. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த உயிரியலாளர் டாஃப்னி சோரஸ் வளர்த்த கப்பி மீன் தொட்டியிலிருந்து தாவி அவருடைய மசாலா டீயில் போய் விழுந்தது. ஐஸ் டீ என்பதால் மீன் பிழைத்தது. அந்தக் கோப்பைக்கு மூடி வேறு இருந்ததாம். டீக்கு மூடி போட்டு மீனுக்குப் போடாதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பது எமக்குப் பெரிய ஆறுதல். நம் வீட்டில் என்றால் டீயைக் கொட்டிவிட்டு மீனைத் திட்டியிருப்போம். அவர் அதிவேகக் கேமராவை வைத்துப் படம் பிடித்து, சக ஆய்வாளரோடு சேர்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டார். கப்பி முதலில் பக்கத் துடுப்பை அசைத்து மெல்லப் பின்வாங்குகிறது. பிறகு வாலை வீசி எழும்புகிறது. உடல் நீளத்தைப் போல் 8 மடங்கு வரை தாவுகிறது. யாரும் துரத்தவில்லை, எதிரே இரையும் இல்லை. ஆக, அது தவறி விழவில்லை. திட்டமிட்டுப் புறப்பட்டிருக்கிறது. டிரினிடாட் மலையோடைகளில் அருவி தாண்டிப் புது மடுவுக்குக் குடிபோகும் பழக்கம் இது என்பது அவர்களுடைய ஊகம்.

துள்ளலுக்குக் காரணம் நீரா, பிறவிக்குணமா என்பதில் அறிஞர் இரு சாரார். நீரே காரணம் என்போர் அமோனியா, குளோரின், ஆக்சிஜன் குறைவு ஆகியவற்றைச் சுட்டுவர். இது ஓரளவே பொருந்தும். நேற்றுவரை அடங்கியிருந்த மீன்கள் இன்று ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்தால் தண்ணீரைப் பாருங்கள். பாதித் தண்ணீரையாவது மாற்றுங்கள். ஆனால் அரோவானாவுக்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான். அமேசான் வெள்ளக்காட்டில் தாழ்ந்த கிளையிலிருக்கும் வண்டை எகிறிப் பிடிப்பது வெள்ளி அரோவானாவின் பரம்பரைத் தொழில். பிரேசிலில் அதற்குத் தண்ணீர்க் குரங்கு என்றே பட்டப்பெயர். நாம் அதை வாஸ்து மீன் என்று சொல்லி, செல்வம் வீடு தேடி வரட்டும் என்று ஈசான மூலையில் வைக்கிறோம். மூடி இல்லாவிட்டால் முதலில் வீட்டைவிட்டுப் போகும் செல்வம் அதுதான்.

தடுப்பு முறைகளுக்கு வருவோம். நீர்மட்டத்தை இரண்டங்குலம் குறைத்தால் போதும் என்பர் ஒரு சாரார். அற்றன்று, ஒன்றரை அங்குலக் கப்பி மேற்படி கணக்கில் ஓரடி தாவும். மிதக்கும் செடிகள் விட்டால் மேற்பரப்பு மறைந்து மீன் அமைதியாகும், இது நன்று. ஆனாலும் செடி மூடியாகாது. சட்டம் கட்டிய கொசுவலை மலிவு, காற்றும் போகும். ஃபைட்டர், கௌராமி போன்றவை மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை என்பதால் காற்றுப் புகாமல் அடைத்துவிடவும் கூடாது. கண்ணாடி மூடி உத்தமம். பெரிய அரோவானா அதையும் முட்டித் தள்ளும் என்பதால் மேலே கனம் வேண்டும். இரண்டு முனைவர் பட்ட ஆய்வேடுகள் சரியாக இருக்கும். வேறு பயன் அவற்றுக்கு இருந்ததாக வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

இத்தனை செய்தும் மீன் வெளியே கிடக்கிறதே, என்னை எனின், குழாய் மூலை. ஃபில்டர் குழாயும் ஒயரும் நுழைய மூடியில் வெட்டிய அந்த இரண்டு விரல் சந்தைத் தொட்டி முழுக்கத் தேடிக் கண்டுபிடிப்பதில் மீனுக்கு நிகர் மீனே. பஞ்சோ வலைத்துண்டோ வைத்து அதை அடைக்க வேண்டும். இன்னொரு சந்து மனிதனால் ஆவது. தீனி போட மூடியைத் திறந்தவர், வாசலில் காலிங் பெல் அடித்ததும் அப்படியே போய்விடுவார். வீட்டில் விசாரணை நடக்கும்போது அவர் பெயர் வருவதே இல்லை. பூனை வளர்ப்பவர்கள் பழியைப் பூனைமேல் போடுவர். எம் ஆய்வில் பெரும்பாலான பூனைகள் நிரபராதிகள்.

தரையில் கிடக்கும் மீன் செத்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். செவுளில் ஈரம் இருந்தால் உயிர் இருக்கலாம். காற்றைச் சுவாசிக்கும் இனமாக இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். கையை நனைத்துக்கொண்டு மெல்ல எடுத்துத் தொட்டி நீரிலேயே விடுங்கள். துடைப்பத்தால் தள்ளாதீர்கள்.

இனி வாசகர் செய்ய வேண்டியது: இந்த இதழை மூடி வைத்துவிட்டு, தொட்டியின் குழாய் மூலையை ஒருமுறை பாருங்கள். அப்படியே மீன்களையும் எண்ணுங்கள். கணக்கு உதைத்தால் சோஃபாவை நகர்த்துங்கள்.