மூச்சு வாங்கினால் நல்லதா? – கேள்வி பதில்

● சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

ஒரு மூச்சுக்கு அரை லிட்டர். நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. அந்த அரை லிட்டரிலும் சுமார் 150 மில்லி மூச்சுக்குழாயோடு நின்று திரும்பிவிடும். மீதிதான் நுரையீரலின் காற்று நுண்ணறைகளை எட்டும். அதனால் மேலோட்டமாகப் பல மூச்சு விடுவதைவிட ஆழமாகச் சில மூச்சு விடுவதே லாபம்.

● ஓடும்போது?

நிமிடத்துக்கு 40 மூச்சைத் தாண்டும். ஒவ்வொரு மூச்சும் 2 லிட்டருக்கு மேல் போகும். ஓய்வில் ஏழெட்டு லிட்டரோடு திருப்தியடைந்த உடம்பு, முழு வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு 100 லிட்டர்கூடக் கேட்கும்.

● நுரையீரலுக்கு அவ்வளவு பலமா?

பலம் தசைகளுடையது. நுரையீரல் தானாக விரியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் கீழே இறங்க, விலா எலும்புகள் மேலே எழ, உள்ளே அழுத்தம் குறைந்து காற்று நுழைகிறது. ஓய்வில் மூச்சை வெளிவிட உழைப்பே வேண்டாம். தசை தளர்ந்ததும் நுரையீரல் தானே சுருங்கும். ஓட்டத்தில் அதற்கு நேரமில்லை. வயிற்றுத் தசைகள் இறுகிக் காற்றை வெளியே தள்ளுகின்றன.

● ஆக்ஸிஜன் குறைவதால்தானே மூச்சு இரைக்கிறது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆரோக்கியமானவர் ஓடும்போதும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் பெரும்பாலும் இறங்குவதில்லை. மூச்சின் வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது, வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்ஸைடு. 1905-லேயே ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு உடலியல் விஞ்ஞானிகள் இதைக் காட்டிவிட்டார்கள். அந்த வாயு சிறிது கூடினாலும் மூளையின் அடியில் உள்ள முகுளம் உணர்ந்து, மூச்சை முடுக்கிவிடும்.

● முதல் அடி வைத்தவுடனே மூச்சு கூடுகிறதே, அதற்குள் எப்படி அந்த வாயு சேர்ந்தது?

சேரவில்லை. கால்களுக்குக் கட்டளை அனுப்பும்போதே மூளை மூச்சு மையத்துக்கும் சேதி சொல்லிவிடுகிறது. அசையும் மூட்டுகளும் தசைகளும் சேதி அனுப்புகின்றன. தேவை வருமுன்பே ஏற்பாடு!

● இழுத்த ஆக்ஸிஜன் முழுவதையும் உடம்பு எடுத்துக்கொள்ளுமா?

ஓய்வில் கால்வாசிதான். உள்ளே போகும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். வெளியே வருவதில் சுமார் 16. நம் வாய்க்காற்றை ஊதி இன்னொருவர் உயிரைக் காக்க முடிவது அதனால்தான்.

● வேகவேகமாகப் பல முறை மூச்சு இழுத்துவிட்டு முங்கினால் தண்ணீருக்குள் அதிக நேரம் இருக்கலாமாமே?

தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். அப்படிச் செய்வதால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் பெரிதாகக் கூடாது; கார்பன் டை ஆக்ஸைடுதான் குறையும். ‘மேலே வா’ என்று எச்சரிப்பதே அந்த வாயு. அது மறுபடி சேருமுன் ஆக்ஸிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

● தினமும் ஓடினால் நுரையீரல் பெரிதாகுமா?

பெரியவர்களுக்கு அநேகமாக ஆகாது. மாறுவது இதயமும் தசையும். ஒரு துடிப்புக்கு இதயம் அதிக ரத்தம் அனுப்பும்; தசை அதிலிருந்து அதிக ஆக்ஸிஜனை எடுக்கும். அதே மாடிப்படி, குறைந்த இரைப்பு.

● அப்படியானால் மூச்சு வாங்குவது நல்லதா, கெட்டதா?

வேகமாக நடந்தபின் வாங்கி, சில நிமிடங்களில் அடங்கினால் நல்லது. உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அதுவே நல்ல வேகம். ஆனால் சும்மா இருக்கும்போதோ படுத்தாலோ மூச்சு வாங்கினால், கூடவே நெஞ்சு வலித்தால், முன்பு சுலபமாக ஏறிய படியில் இப்போது நின்று நின்று ஏறினால், வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இன்றே மருத்துவரைப் பாருங்கள்.