ஜீரோ வாட்ஸ் பல்பின் மெய்ந்நிலை: ஒரு பூர்வாங்க ஆய்வு

மின்சாரமே தின்னாமல் விடிய விடிய வெளிச்சம் தரும் பொருள் ஒன்று எலக்ட்ரிக் கடைகளில் பல காலமாகக் கிடைத்து வருகிறது. நீலம், சிவப்பு, பச்சை எனப் பல நிறங்களில் எரியும் அதன் பெயர் ஜீரோ வாட்ஸ் பல்பு. ஆற்றல் அழிவின்மை விதிக்கு இப்படிப் பகிரங்கமாகச் சவால் விடும் ஒரு பொருளைப் பற்றி நம் பல்கலைக்கழகங்கள் மூச்சு விடாமல் இருப்பது வியப்புக்குரியது. அக்குறையைப் போக்கவே இச்சிறு முயற்சி.

நமது ஆய்வுக்கருவி ஓம் விதி. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் திறன். ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் கியோர்க் சைமன் ஓம், பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னழுத்தம் பெற்று, இதைக் கண்டறிந்தார். 1827-ல் புத்தகமாகவும் போட்டார். சொந்த நாட்டில் வரவேற்பு சரியில்லை, வேலையையே விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. அவருக்கு முன்பே, 1781 வாக்கில், இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தார். மீட்டர் இல்லாத காலம். தன் உடம்பில் ஏறிய ஷாக்கின் கடுமையையே அளவாகக் கொண்டார்; யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குறிப்புகளை 1879-ல் மாக்ஸ்வெல் பதிப்பித்தார். (கேவண்டிஷின் முறையை நம் குளியலறை ஸ்விட்ச் போர்டுகள் சில இன்றும் பின்பற்றுகின்றன.)

இனி கணக்கு. வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். திறன், பெட்டியில் போட்டிருக்கிறபடி, பூஜ்யம். ஆகவே மின்னோட்டமும் பூஜ்யம். மின்தடை காண 230-ஐப் பூஜ்யத்தால் வகுக்கவேண்டும்; கால்குலேட்டர் கையை விரித்துவிடுகிறது. விடை முடிவிலி என்று கொண்டால், இழை எங்கோ அறுந்திருக்கவேண்டும். அதாவது, ஜீரோ வாட்ஸ் என்ற பெயருக்கு உண்மையாக நடந்துகொள்வது ஃபியூஸ் போன பல்பு ஒன்றுதான். கரண்ட் கட் ஆன நேரத்தில் மற்றவையும் அந்தத் தகுதியை அடைகின்றன.

ஏட்டுக் கணக்கு இப்படி முட்டுச்சந்தில் நின்றதால் களஆய்வு அவசியமாயிற்று. மீட்டர் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதனருகே ஓர் எண்ணும் இருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று பொருள். ஃப்ரிட்ஜ், மோட்டார், மின்விசிறி, சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு (குடும்பத்தாரின் ஒத்துழைப்பு பற்றி இங்கே பேசவேண்டாம்) ஜீரோ வாட்ஸை மட்டும் போட்டால், 75 நொடிக்கு ஒரு தடவை சிமிட்டுகிறது. மணிக்கு 48. 3200-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 15 வாட். பூஜ்யம் 15 ஆகிவிட்டது. மின்னோட்டம் 0.065 ஆம்பியர், மின்தடை சுமார் 3527 ஓம். இதையே மின்விசிறிக்குச் செய்தால் திறன் காரணி என்ற வில்லங்கம் குறுக்கே வரும். குண்டு பல்புக்கு அந்த வம்பு கிடையாது.

வேறொரு வம்பு உண்டு. பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் சில நூறு ஓம்தான் காட்டும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறும்; ஆறிய பல்பிடம் எரியும் பல்பின் கணக்கைக் கேட்கக்கூடாது. லோ வோல்டேஜில் 190-க்கு இறங்கினால் 3527 ஓம் கணக்குப்படி 10 வாட்டுக்குச் சற்று மேல் வரவேண்டும். இழை கொஞ்சம் ஆறித் தடையும் குறைவதால் உண்மையில் 11 வாட் வரை இழுக்கும்.

அப்படியானால் ஜீரோ எப்படி வந்தது? பழைய மீட்டர்களில் சுழலும் அலுமினியத் தட்டு இவ்வளவு சின்ன மின்னோட்டத்துக்கு அசையாமல் நின்றதுதான் காரணம் என்பார்கள். தராசில் ஏறாத கொசுறுக் கறிவேப்பிலை மாதிரி. இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டருக்கு அந்தத் தாராளம் இல்லை.

பூஜையறையில் இரவும் பகலும் எரியும் சிவப்பு பல்பு ஒரு நாளைக்கு 360 வாட்-மணி எடுக்கிறது. இரண்டு மாத ரீடிங்கில் 21.6 யூனிட். 2016-ல் இலவசமான முதல் 100 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இதற்கே போய்விடுகிறது. இந்த முடிவை அப்பத்தாவின் முன் வைத்தேன்.

"ஜீரோன்னு அவனே போட்ருக்கான்ல. ஜீரோவுக்கு எங்கிட்டு கரண்டு ஆகும்?"

மீட்டரைக் காட்டினேன். "அது என்னத்துக்குக் கண்ணடிக்குதோ" என்று நகர்ந்துவிட்டார். ஆய்வாளர் என்பதால் நான் விடவில்லை. அரை வாட் எல்.ஈ.டி. இரவு விளக்கு ஒன்று வாங்கி வந்தேன். அது இரண்டு மாதம் இடைவிடாமல் எரிந்தாலும் முக்கால் யூனிட்டைத் தாண்டாது. அப்பத்தா பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல 0.5-னு போட்ருக்கான். அது ஜீரோ. எது கூடன்னு எனக்குத் தெரியாதாடா?"