ஸ்டெப்னி மாவட்டம்

ஸ்டெப்னியின் மனசு அரியலூர்க்காரனுக்குப் புரியும். 2001-ல் பெரம்பலூரிலிருந்து எங்களைப் பிரித்துத் தனி மாவட்டம் என்றார்கள். கலெக்டர் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று ஜனங்கள் பழகுவதற்குள் 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டம். இத்தனை தடவை கழற்றி மாட்டியும் போல்ட் மரை தேயவில்லை, ஆச்சரியம்தான். ஒரு ஆறுதல்: பெரம்பலூரே 1995 வரை திருச்சியின் டிக்கியில் கிடந்ததுதான்.

பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. அவர்கள் ரயிலேற அரியலூர் வரவேண்டும். சென்னை-திருச்சி நாலுவழிச் சாலையோ அவர்கள் வாசலில் ஓடுகிறது. டயர் செய்யும் எம்ஆர்எஃப் ஆலை அங்கே நாரணமங்கலத்தில். அந்த டயரைத் தேய்க்கிற சுண்ணாம்புக்கல் லாரிகள் இங்கே, சிமென்ட் ஆலை வாசலில். பார்த்துப் பார்த்துச் செய்த சம்பந்தம்!

ஸ்டெப்னி நம் வண்டியில் எங்கே இருக்கும்? டிக்கியில், வெங்காய மூட்டைக்கும் கோயில் தேங்காய்க்கும் அடியில். சித்தப்பாவின் கார் ஒருமுறை பஞ்சரானபோது அதைத் தோண்டி எடுத்தோம். பஞ்சர் கடைக்காரர் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "சார், இதுக்கே ஒரு ஸ்டெப்னி வேணும்" என்றார்.

வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று. 1904 வாக்கில் அங்கிருந்த கடைக்காரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றதில் வந்த பெயர் இது. நம்மூர் டீக்கடையில் குரலைத் தாழ்த்தி, "அவருக்கு அந்த ஊர்ல ஒரு ஸ்டெப்னி உண்டு" என்கிறார்களே, அது காதில் விழுந்தால் அந்தத் தெருக்காரர்கள் பெயர் மாற்றச் சொல்லி மனு கொடுப்பார்கள்.

எனக்குப் பாவமாக இருப்பது தேர்தல் ஸ்டெப்னியைப் பார்த்தால்தான். மாற்று வேட்பாளர் என்று பெயர். புது வேட்டி கட்டி, டெபாசிட் கட்டி, உறுதிமொழி வாசித்து மனு கொடுப்பார். அண்ணன் மனு ஏற்கப்பட்டதும் இவர் மனு தள்ளுபடி. அதற்கும் கைதட்டிவிட்டு, அண்ணனுக்குச் சால்வை போடவேண்டியதும் இவர்தான்.

இடுப்பு டயரைச் சொல்லாமல் விடமுடியாது. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்குமேல் போனால் சர்க்கரை, இதய நோய் எல்லாம் வரிசையில் நிற்கும் என்கிறார் டாக்டர். அளவெடுத்த நர்ஸ் என்னிடம், "மூச்ச விடுங்க சார், உள்ள இழுக்காதீங்க" என்றார்.

டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் போடும் சாமானும் இருந்தால் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

"அதனால என்ன, எப்படியும் நீங்க ஏறத்தானே போறீங்க" என்றாள் மனைவி.