முட்டை வாங்கிய கேள்விகள்

கோழி முதலில் வந்ததா, முட்டை முதலில் வந்ததா? மழுப்பாமல் பதில் வேண்டும்.
– ஒரு வாசகர், தாராபுரம்

முட்டை. கோழி என்று ஒன்று தலைகாட்டுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே மீனும் ஆமையும் டைனோசரும் முட்டையிட்டுத் தள்ளிவிட்டன. ‘கோழி முட்டை’ என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

நாமக்கல்லில் அப்படி என்னதான் இருக்கிறது, ஊரெல்லாம் கோழிப்பண்ணை?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

இருப்பதைவிட இல்லாததுதான் காரணம். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. வெள்ளாமைக்குச் சாபமான அந்த வறட்சி கோழிக்கு வசதி. எச்சம் சீக்கிரம் காயும். ஈரத்தில் பெருகும் பூஞ்சையும் கிருமியும் அடங்கிக் கிடக்கும். வானத்தை நம்பி அலுத்தவர்களில் சிலர் லாரி வாங்கினார்கள், சிலர் கோழி வாங்கினார்கள். பிறகு லாரி கோழியின் முட்டையைச் சுமந்தது. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆவதற்குள்ளேயே ஊர் முட்டையில் பேர் வாங்கிவிட்டது. கால்நடை மருத்துவக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்துக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிருந்துதான் முட்டை போகிறது. இத்தனைக்கும் தீவனத்துக்கான மக்காச்சோளமும் சோயாவும் பெருமளவு வெளிமாநிலச் சரக்கு.

ஒரு திருத்தம். ‘முட்டையில் இந்தியாவிலேயே முதலிடம் தமிழ்நாடு’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் கவனிக்க: மாநிலக் கணக்கில் முதலிடம் ஆந்திரம். நாம் அடுத்த நாற்காலி.

முட்டை விலை தினமும் மாறுகிறது. வாடிக்கையாளர் என்னைத் திட்டுகிறார். நான் யாரைத் திட்டுவது?
– மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்

விலையை அறிவிப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு; பண்ணைக்காரர்கள் வாயில் என்.இ.சி.சி. 1982-ல் உருவானது. அதற்கு முன்னால் பெருநகர வியாபாரி சொன்னதுதான் விலை. தீவனச் செலவுகூடத் தேறாமல் பண்ணைகள் படுத்துவிட்ட நேரத்தில், வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனர் பி.வி.ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணையாளர்களைத் திரட்டினார். முட்டையிடுவது என் கோழி, விலை சொல்வது நீயா என்ற கோபம்தான் மூலதனம்.

வியாபாரி மட்டும் லேசுப்பட்டவரா? அறிவித்த விலையில் இத்தனை பைசா ‘மைனஸ்’ என்று கழித்துக்கொண்டுதான் பண்ணையில் சரக்கு எடுப்பார். மைனஸ் கூடாது என்று பண்ணையாளர்கள் கூட்டம் போடுவார்கள். சரக்கு தேங்கியதும் மைனஸ் மறுபடி முளைக்கும். புரட்டாசியில் பெருமாளுக்காக விலை இறங்கும். கார்த்திகையில் ஐயப்பனுக்காகவும் இறங்க வேண்டும். ஆனால் அதற்குள் வடக்கே குளிர் ஆரம்பித்து அங்கே தேவை கூடி, விலை ஏறினாலும் ஏறிவிடும். கோழிக்கு விரத நாள் தெரியாது, அது பாட்டுக்கு இடும். ஆகவே நீங்கள் யாரையும் திட்டிப் பயனில்லை.

தினமும் எட்டுப் பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கிறேன். உடம்பு தேறுமா?
– ஜிம்முக்குப் போகும் இளைஞர், ஈரோடு

முட்டைக் கடைக்காரர் தேறுவார். பச்சை முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேர்கிறது. வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். அதோடு, பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற பொருள் பயோட்டின் வைட்டமினை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். சால்மோனெல்லா கிருமியும் இருந்துவிட்டால் அன்றைய உடற்பயிற்சி முழுக்கக் கழிப்பறையில்தான். அடுப்பைப் பற்றவையுங்கள் தம்பி.

மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தருகிறாள் மருமகள். எடுத்ததை அவளே சாப்பிடுகிறாள். இது நியாயமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

மருமகள் விவரமானவர் ஐயா. முட்டையில் இருக்கும் வைட்டமின் ஏ, டி, இரும்பு, மூளைக்கும் நரம்புக்கும் வேண்டிய கோலின், கண்ணுக்கு நல்லது செய்யும் லூட்டின் என்று உருப்படியானவை பெரும்பாலும் மஞ்சளில்தான். சுமார் 6 கிராம் புரதத்தில்கூடப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மஞ்சளில் இருக்கிறது.

மஞ்சள் கருவுக்குப் பழி வந்த கதை இது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், எல்லாம் மஞ்சளில். 1968-ல் அமெரிக்க இதய சங்கம், நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கூடாது, வாரத்துக்கு மூன்று மஞ்சள் கரு போதும் என்றது. 1984-ல் டைம் பத்திரிகை இரண்டு முட்டையைக் கண்ணாகவும் ஒரு பன்றி இறைச்சித் துண்டைச் சோகமான வாயாகவும் வைத்து அட்டைப்படமே போட்டது. உலகம் பயந்துபோனது. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. சாப்பாட்டில் கூடினால் பெரும்பாலோருக்கு அது தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. கல்லீரலைக் கெட்ட கொலஸ்ட்ரால் பக்கம் தள்ளுவதில் வனஸ்பதி, வெண்ணெய், பொரித்த கறி ஆகியவற்றின் கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். 2015–2020-க்கான அமெரிக்க உணவு வழிகாட்டியில் அந்த 300 என்ற எண்ணைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அட்டைப்படம் போட்டு மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்கள், பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் எகிறும் குடும்பத்தார் மட்டும் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு நாளுக்கு ஒரு முழு முட்டை தாராளம். மருமகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால்.

நாட்டுக்கோழி முட்டை என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். சத்தும் இரண்டு மடங்கா?
– குடும்பத் தலைவி, மதுரை

இல்லை. கோழிக்குப் போடும் தீனியைப் பொறுத்துச் சில வைட்டமின்கள், கொழுப்பு வகைகள் கூடும், குறையும். புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்டு முட்டை உருவத்தில் சிறியது என்பதால் கணக்குப் பார்த்தால் குறையக்கூடச் செய்யும். விலை ஏறுவதற்குக் காரணம், கோழி அடைகாக்கப் போய்விடும், குஞ்சோடு திரியும். வருஷத்துக்கு நூறு முட்டை எட்டுவதே அபூர்வம். ருசிக்காக வாங்குங்கள், தப்பில்லை. ஓட்டின் பழுப்பு நிறத்தைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைச் சொல்லும், வளர்ப்பைச் சொல்லாது. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழி எத்தனையோ உண்டு. மஞ்சள் கருவின் அடர் நிறமும் மக்காச்சோளம், செண்டுமல்லிச் சாறு போன்ற தீனியின் கைவண்ணமே.

பண்ணைக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தானே தினமும் முட்டை எடுக்கிறார்கள்?
– ஆட்டோ ஓட்டுநர், திருச்சி

ஒரு பண்ணையில் 50,000 கோழி. ஒவ்வொன்றாகப் பிடித்துத் தினமும் ஊசி போட ஆள் கூலி கொடுத்தால் முட்டையைத் தங்கக் கடையில்தான் விற்கவேண்டும். ஊசி போடுவது உண்மை. அது ராணிக்கெட் போன்ற நோய்களுக்கான தடுப்பூசி.

தினசரி முட்டைக்குக் காரணம் மூன்று. முதலாவது இனம். வெள்ளை லெகார்ன் வழியில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த பி.வி.300 போன்ற கோழிகள் 18, 20 வாரத்தில் முட்டைக்கு வந்து, ஆண்டுக்கு 300-ஐத் தாண்டுகின்றன. இரண்டாவது தீவனம். நாளுக்குச் சுமார் 110 கிராம், அதில் ஓட்டுக்கென்று சுண்ணாம்புக்கல். ஒரு ஓட்டுக்கே 2 கிராம் கால்சியம் வேண்டும். போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து கரைத்து எடுக்கும். மூன்றாவது வெளிச்சம். பகல் நீள்வதைப் பார்த்து முட்டையிடுவது பறவையின் சுபாவம். பண்ணையில் விளக்குப் போட்டு வருஷம் முழுக்க 16 மணி நேரப் பகல் காட்டுகிறார்கள். ஏமாற்று என்றால் இதுதான் ஏமாற்று, ஏமாறுவது கோழி.

நீங்கள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஆன்டிபயாடிக். நோய் வராமலே முன்கூட்டித் தீவனத்தில் கலக்கும் பழக்கம், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடுகிறது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடைபோட்டது. இல்லாத ஹார்மோனுக்குப் பயந்த நேரத்தில் இதைக் கேட்டிருந்தால் தடை முன்னாலேயே வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

திருவிழாவில் என் பேத்தி வாங்கிய பச்சை நிறக் கோழிக்குஞ்சு மூன்றே நாளில் செத்துப்போனது. ஏன் அது முட்டையிடும் வயதுவரை வளர்வதில்லை?
– பாட்டி, விருதுநகர்

வளர்ந்தாலும் முட்டையிடாது அம்மா. அது சேவல். முட்டைக்கோழிப் பொரிப்பகத்தில் பொரிக்கும் குஞ்சில் சரிபாதி ஆண். ஆண் முட்டையிடாது, கறிக்கோழி இனமும் இல்லை என்பதால் தீவனம் போட்டுச் சதை பிடிக்கவைத்தாலும் கட்டுப்படியாகாது. ஆகவே பிறந்த நாளே பிரித்தெடுத்துக் கழித்துவிடுகிறார்கள். உலகில் பெரும்பாலான நாடுகளில் இதுதான் வழக்கம், பெரும்பாலும் எந்திரத்திலோ வாயுவிலோ முடிந்துவிடும். நம் ஊரில் அதில் கொஞ்சம் சாயத்தில் முங்கி எழுந்து திருவிழாவுக்கு வருகிறது. தாயின் சூடு இல்லை, சாய ஈரம், பிள்ளைகளின் கைபிடி. மூன்று நாள் இருந்ததே அதிகம்.

ஜெர்மனி 2022 முதல் ஆண் குஞ்சுகளைக் கொல்வதைத் தடைசெய்துவிட்டது. முட்டை பொரிவதற்கு முன்பே உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்து ஆணை ஒதுக்கிவிடும் கருவிகள் அங்கே வந்துவிட்டன. நமக்கு அந்தக் கருவி வரும்வரை, அடுத்த திருவிழாவில் பேத்திக்குப் பலூன் வாங்கிக்கொடுங்கள்.

கூண்டில் அடைத்து வளர்ப்பது பாவம் இல்லையா?
– வாசகி, கோவை

பாவம்தான். பழைய வகைக் கூண்டில் ஒரு கோழியின் பங்குக்கு ஏ4 தாள் அளவு இடம்கூடத் தேறாது. சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, முட்டையிட ஒதுங்க மறைவு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட வெறும் கூண்டுகளுக்குத் தடை விதித்துவிட்டது. நம் சட்ட ஆணையமும் 2017-ல் கூண்டுக்கு எதிராக அறிக்கை கொடுத்தது.

பண்ணைக்காரர் பக்கமும் ஒரு வார்த்தை. சரிவான கம்பித் தரையில் முட்டை தானாக முன்னால் உருண்டு வந்துவிடும், எச்சம் கீழே விழுந்துவிடும். முட்டை சுத்தம், குடல்நோய் குறைவு, ஆள் குறைவு. உமியோ கடலைத்தோலோ பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறையில் கோழிக்கு நடமாட்டம் உண்டு, ஆனால் கூளம் ஈரமானால் நோய் கிளம்பும், ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். மேய்ச்சலில் விட்டால் இடம் வேண்டும், நாயும் பருந்தும் பங்குக்கு வரும். செலவு முட்டை விலையில் ஏறும். ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு கூடுதல் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்களைச் சொல்லவில்லை, கோவைக்காரர் ஆயிற்றே.

முட்டை சைவமா, அசைவமா?
– புரட்டாசிக்காரர், ஸ்ரீரங்கம்

கடைமுட்டையில் உயிர்க்கரு இல்லை. பண்ணையில் சேவலே கிடையாது, அடைவைத்தாலும் பொரியாது. பால் குடிப்பவர் இப்படிப்பட்ட முட்டையைச் சாப்பிட ஆட்சேபிக்க முடியாது என்ற வாதத்தை எழுதியவர் காந்தி. இதற்குமேல் வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

பிளாஸ்டிக் முட்டை விற்கிறார்களாமே, வீடியோ பார்த்தேன்.
– வாட்ஸ்அப் சித்தப்பா, வேலூர்

ஆறேழு ரூபாய்க்கு ஓடு, சவ்வு, வெள்ளை, மஞ்சள், காற்றறை எல்லாம் வைத்துப் போலி செய்யும் மேதை இருந்தால் அவர் ராக்கெட் செய்யப் போயிருப்பார். உணவுப் பாதுகாப்பு ஆணையமே இது கட்டுக்கதை என்று விளக்கம் கொடுத்தாயிற்று. நீங்கள் பார்த்தது நாள்பட்ட முட்டை. சவ்வு ரப்பராக இழுபடும்.

வெயில் காலத்தில் முட்டை சூடு என்கிறார்களே?
– வாசகர், கரூர்

சூடு உங்களுக்கு அல்ல, கோழிக்கு. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைக்கும். இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் பற்றாமல் போகும். அதனால்தான் சித்திரை, வைகாசியில் ஓடு மெலிந்து லாரியிலேயே உடைகிறது. பண்ணையில் கூரைக்குத் தண்ணீர் தெளித்து, விடிகாலையிலும் மாலையிலும் தீவனம் போட்டுச் சமாளிக்கிறார்கள். நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு முட்டை சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது.

அவித்த முட்டையை உரித்தால் பாதி ஓட்டோடு போய்விடுகிறது. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வேறு.
– புதுமாப்பிள்ளை, சென்னை

முதலாவது, முட்டை ரொம்பப் புதுசு. நாலைந்து நாள் போனால் வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, சவ்வின் பிடி விட்டுவிடும். இரண்டாவது, அடுப்பில் வைத்துவிட்டு போனைப் பார்த்திருக்கிறீர்கள். அதிகம் வெந்தால் மஞ்சளின் இரும்பும் வெள்ளையின் கந்தகமும் சேர்ந்து பச்சை காட்டும். கெடுதல் இல்லை.

சத்துணவில் முட்டை எப்போது வந்தது?
– ஆசிரியை, தர்மபுரி

1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் 1989-ல் கருணாநிதி ஆட்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. 2010-ல் ஐந்து பள்ளி நாளும் முட்டை. ஜெயலலிதா ஆட்சியில் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று வேஷம் மாறியது. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். எந்த ஆட்சி வந்தாலும் பிள்ளை தட்டிலிருந்து எடுக்கத் துணியாத பொருள் இது ஒன்றுதான்.

ஆம்லெட், ஆஃப்பாயில், கலக்கி. எது சிறந்தது?
– பரோட்டா பிரியர், சிவகாசி

உடம்பைக் கேட்டால் அவித்த முட்டை என்கிறது. சால்னாவைக் கேட்டால் கலக்கி என்கிறது. நான் சால்னா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள்.