கரும்புக்கை மாயாவி

1986-ல், ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், தர்மபுரியில் நானும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து ஒரு காமிக்ஸ் கம்பெனி ஆரம்பித்தோம். மூலதனம்: ஒரு குயர் நோட்டு, அவன் அப்பாவின் மளிகைக் கடையிலிருந்து கிளப்பிய இரண்டு கார்பன் தாள், காதில் செருகும் அளவுக்குத் தேய்ந்த ஒரு பென்சில். இரும்புக்கை மாயாவிக்குப் போட்டியாகக் கரும்புக்கை மாயாவி. பாலக்கோடு சர்க்கரை ஆலையில் கை மாட்டிக்கொண்டவனுக்கு டாக்டர் கரும்பில் ஒரு கை செய்து பொருத்துகிறார். இதற்கு மேல் விஞ்ஞானம் கேட்கக் கூடாது.

அசல் மாயாவியை 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கூட்டி வந்தது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் அலையும். மூலத்தை வரைந்த ஸ்பெயின்காரர் ஹெஸூஸ் பிளாஸ்கோ மேதை. வெறும் கையை வைத்துக்கொண்டே வயிற்றைக் கலக்குவார். எங்களுக்கு அதில் வேறொரு வசதி தெரிந்தது. ஆள் மறைந்துவிட்டால் ஆளை வரைய வேண்டாம். எங்கள் இருவருக்கும் மூக்கு வராது, முழங்கால் சுத்தமாக வராது. கரும்பு வரும். ஆகவே முதல் கட்டத்திலேயே மாயாவியைக் கரண்டுக் கம்பத்தைத் தொட வைத்தோம். மிச்சப் பக்கமெல்லாம் கரும்பு. அடியில், ‘மாயாவி இப்போது கடும் கோபத்தில் இருக்கிறார்’ என்று எழுதிவிடுவோம்.

கார்பன் வைத்து அழுத்தி எழுதினால் மூன்று பிரதி. முதல் பிரதி பிரமாதம். இரண்டாவது சுமார். மூன்றாவதில் கரும்பும் மறைந்துவிடும். அதைத்தான் சந்தாதாரருக்குக் கொடுத்தோம்.

சந்தாதாரர் ஒருவர்தான், என் வகுப்புப் பையன். தனி இதழ் 25 காசு, 12 இதழுக்கு ஆண்டுச் சந்தா 1 ரூபாய் என்று அட்டையில் போட்டிருந்தோம். பெருக்கிப் பார்த்தால் எங்களுக்குத்தான் நஷ்டம் என்று அவனுக்குத் தெரிந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் இதழோடு மளிகைக் கடைக்காரர் கார்பன் கணக்கைப் பார்த்துவிட்டார். கம்பெனியைப் பிரம்பால் மூடினார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் விஷயம் தமிழய்யா காதுக்குப் போயிற்று. அடிப்பார் என்று நினைத்தோம். சிரித்தார். “டேய், இந்தக் கிறுக்கெல்லாம் உங்களோட ஆரம்பிக்கல. பாப்பாரப்பட்டிக்குப் போய்ப் பாருங்க, உங்க பெரிய தாத்தா அங்க இருக்காரு” என்றார். போய்ப் பார்த்தோம். சுப்பிரமணிய சிவா சமாதி. பாடப் புத்தகத்தில் தியாகி என்று மட்டும் போட்டிருந்தார்கள். பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட ஆள் என்று போட்டிருந்தால் அன்றைக்கே மனப்பாடம் செய்திருப்பேன்.

கதையை அவருடைய சிநேகிதரிடமிருந்து தொடங்க வேண்டும். 1906 மே மாதம் சென்னையில் ‘இந்தியா’ என்றொரு வாரப் பத்திரிகை கிளம்பியது. பணம் மண்டயம் குடும்பத்துத் திருமலாச்சாரியாருடையது, பேனா பாரதியாருடையது. தமிழில் அரசியல் கார்ட்டூனை வழக்கமாக்கிய முதல் பத்திரிகை அதுதான். முதல் பக்கத்திலேயே பெரிய படம். பாரதியாருக்கு வரைய வராது. படத்தை யாரோ போடுவார்கள், இவர் பக்கத்திலேயே விளக்கம் எழுதுவார். இன்னார் இன்னின்னார், இன்ன மிருகம் இன்ன சர்க்கார், இதன் உட்பொருள் இது என்று ஒரு கட்டுரை அளவுக்குப் போகும். கார்ட்டூன் என்ற சாமானையே அதற்கு முன் பார்த்திராத வாசகருக்கு அது தேவைதான். இருந்தாலும் அதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி. ‘மாயாவி இப்போது கடும் கோபத்தில் இருக்கிறார்’ என்பதற்கு ஒரு பரம்பரை உண்டு.

சந்தா விஷயத்தில் அவர் எங்களை விடத் தெளிவு. சாதாரண ஜனங்களுக்கு வருஷம் 3 ரூபாய். மாதம் 200 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவருக்கு 15. ஜமீன்தார், ராஜா, பிரபு என்றால் 30. கவர்ன்மெண்டுக்கு 50. தன்னை யார் சிறையில் போடப் பார்க்கிறார்களோ அவர்களுக்கே உச்ச விலை வைத்த தைரியத்தை என்னவென்று சொல்வது! அந்த கவர்ன்மெண்டும் சளைத்ததல்ல. தமிழ்ப் பத்திரிகைகளை வாராவாரம் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் படித்து, சுருக்கம் எழுதி, ஃபைலில் கோத்து வைத்தது. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் பலவற்றில் இதழ் போய்விட்டது, அந்தச் சுருக்கம் இருக்கிறது. ஒரு வரி விடாமல் படித்து, பழைய இதழைப் பஜ்ஜி மடிக்காமல் காப்பாற்றிய வாசகர் சர்க்கார் ஒருவர்தான்.

படித்தவர் சும்மா இருப்பாரா? 1908-ல் வழக்கு வந்தது. பத்திரிகையின் பதிவில் ஆசிரியர் என்று எம். சீனிவாசன் பெயர் இருந்தது. எழுதியவர் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார், பெயர் கொடுத்தவர் 5 வருஷம் உள்ளே போனார். சிறுபத்திரிகை நடத்துகிறவன் ‘உன் பேரை மட்டும் போட்டுக்கறேன்பா’ என்று சொல்லி வந்தால் வாசல் கதவைச் சாத்திவிட வேண்டும்.

பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் சீமை. அங்கிருந்து ‘இந்தியா’ மறுபடி வந்தது. அச்சடிக்கலாம், அனுப்ப முடியாது. பத்திரிகை ஒரு தேசத்தில், சந்தாதாரர் இன்னொரு தேசத்தில், நடுவில் பிரிட்டிஷ் தபாலாபீஸ். 1910 மார்ச்சில் மூச்சு நின்றது. வேறு ஆளாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த வேளையில் தலைக்குள் வைத்திருந்த திட்டம் ‘சித்திராவளி’. முழுக்க முழுக்கக் கார்ட்டூனுக்கே ஒரு பத்திரிகை, தமிழிலும் இங்கிலீஷிலும். இருக்கிற பத்திரிகைக்குத் தபால் தலை ஒட்ட வழியில்லை, வரப்போகிற பத்திரிகைக்கு இரண்டு பாஷை. சித்திராவளி வரவேயில்லை. தமிழின் முதல் கார்ட்டூன் பத்திரிகை ஓர் அறிவிப்பு. எங்கள் மூன்றாம் பிரதி மாதிரி, தாள் இருக்கிறது, படம் இல்லை.

இனி நம்ம ஊர்க்காரர் சிவா. நம்ம ஊர்க்காரர் என்பது உரிமை கொண்டாடுவது. பிறந்தது வத்தலக்குண்டில், 1884-ல். 1908-ல் வ.உ.சி.யோடு சேர்த்து உள்ளே தள்ளினார்கள். பத்து வருஷ தண்டனை அப்பீலில் ஆறாகக் குறைந்தது. சேலம் ஜெயிலும் பார்த்தார். 1912-ல் வெளியே வரும்போது உடம்பில் குஷ்டம். கையில் காசு கிடையாது, பின்னால் போலீஸ். இந்த நிலைமையில் ஒரு மனுஷன் செய்யக்கூடாத ஒரே காரியம் எதுவோ அதைச் செய்தார். 1913-ல் ‘ஞானபாநு’ என்று மாதப் பத்திரிகை ஆரம்பித்தார்.

அதற்குக் கதை கொடுத்தவர் பாண்டிச்சேரியில் பத்திரிகை இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்த பாரதியார். கதை பேர் ‘சின்னச் சங்கரன் கதை’. கவுண்டனூர் என்ற ஊர், அதில் வேலைவெட்டி இல்லாத ஒரு ஜமீன்தார், அவரைச் சுற்றி ஜால்ரா போடும் புலவர்கள். எட்டயபுரத்தைத்தான் கிண்டல் செய்கிறார் என்று எல்லோரும் சொல்வார்கள். தர்மபுரிக்காரனுக்கு அது பிடிபட நேரமாகும். எங்கள் பக்கம் நாலு மைலுக்கு ஒரு கவுண்டனூர் இருக்கிறது. நான் முதல் தடவை படித்தபோது அரூர் பஸ்ஸில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று யோசித்தேன். கதை முடியவில்லை. கையெழுத்துப் பிரதி வீட்டிலிருந்து திருடு போயிற்று, வேலை ரகசியப் போலீஸுடையது என்று பாரதியாரின் நண்பர்கள் சொல்லிவந்தார்கள். ஞானபாநுவில் வந்த சில அத்தியாயம்தான் மிச்சம். எங்கள் கார்பனைப் பிடித்தது மளிகைக் கடைக்காரர், அவர்கள் கதையைப் பிடித்தது சாம்ராஜ்யம். தராதரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஞானபாநு இரண்டு சொச்சம் வருஷம் ஓடி அஸ்தமித்தது. சிவா அசரவில்லை, ‘பிரபஞ்ச மித்திரன்’ என்று அடுத்தது வந்தது. பெயர்களைக் கவனியுங்கள். ஒன்று சூரியன், இன்னொன்று பிரபஞ்சத்துக்கே சிநேகிதன். வாடகைக்கு வழியில்லாதவர்கள் பிரபஞ்சத்துக்குக் குறைந்து பேர் வைக்கமாட்டார்கள்.

கடையத்தில் 1920-ல் சிநேகிதர் பாரதியார் இதையும் மிஞ்சினார். தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாகப் பிரித்து, தலைக்குப் பத்தாயிரம், ஆக 4 லட்சம் பிரதி அடிப்பது என்று ஒரு சுற்றறிக்கை. செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும். ஆளுக்குக் குறைந்தது 100 ரூபாய் கடன் கொடுங்கள், மாதம் இரண்டு சதவீத வட்டி தருகிறேன். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைக் காட்டிலும் சுளுவாக என் புத்தகம் விற்கும் என்று உறுதிமொழி வேறு. இன்றைக்கு இதையே வாட்ஸப்பில் ஜிபே நம்பரோடு அனுப்புகிறார்கள், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. திட்டம் காகிதத்தைத் தாண்டவில்லை. மண்ணெண்ணெய் விற்றது.

இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இந்த இரண்டு பேருக்கும் பத்திரிகை நடத்துவதை விடப் பத்திரிகை அறிவிப்பதில்தான் போதை. அந்தப் போதை இல்லாமலிருந்தால் நடத்திய அந்த இரண்டு மூன்று வருஷமும் நடந்திருக்காது.

சிவா கடைசியில் வந்து சேர்ந்த இடம் பாப்பாரப்பட்டி. ரயிலில் ஏறக்கூடாது என்று சர்க்கார் தடை போட, மாட்டு வண்டியும் நடையுமாக ஊர் ஊராகச் சுற்றினார். இங்கே நிலம் வாங்கி, பாரதாசிரமம் என்று வைத்து, பாரதமாதாவுக்குக் கோயில் கட்டுவதாக அறிவித்தார். அறிவிப்பில்தான் நம்மாள் கெட்டிக்காரராயிற்றே. 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ல் சிவா போய்ச் சேர்ந்தார். கட்டடம் 2021-ல் வந்தது. 98 வருஷம் தாமதமான இதழ். ஆனாலும் வந்தது.

போன மாசி மாதம் பாலக்கோடு தக்காளி மண்டிப் பக்கம் போயிருந்தேன். கிரேட்டுகளுக்கு நடுவில் ஒரு கட்டை மீசை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மண்டி வைத்திருக்கிறாராம், இரண்டு லாரி ஓடுகிறதாம். டீ வாங்கிக் கொடுத்தார். பேரன் பேத்தி விசாரித்தார். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, மூணுதான் வந்துச்சு. மிச்சம் ஒம்போது எப்ப?”

அடுத்த மாதம் என்று சொல்லியிருக்கிறேன்.